கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி பொடியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஏற்படும் எலும்பு மெலிவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை நோயைப் பற்றியவை அல்ல. வீட்டு அலமாரியில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கால்சியம் மாத்திரையையும் வைட்டமின் டி பொடியையும் எவ்வளவு சாப்பிடுவது, எப்போது நிறுத்துவது என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்குகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 58. ஓய்வு பெற்ற ஆசிரியை. முழங்கால் வலிக்காக மருத்துவரைப் பார்த்தபோது தேய்மானம் என்று சொல்லி, தினம் ஒரு கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையில் 1250 மி.கி. என்று இருந்தது. அடுத்த மாதம் கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்தார்கள். அதில் 500 மி.கி. என்றுதான் இருக்கிறது. வலியும் குறையவில்லை. இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. பெரும்பாலும் இரண்டும் ஒரே அளவு மாத்திரைதான். கால்சியம் தனியாக மாத்திரையாவதில்லை. அது ஏதாவதொரு உப்பின் வடிவில்தான் கிடைக்கிறது. மலிவானதும் பரவலானதும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லிலும் முட்டை ஓட்டிலும் இருப்பது இதே பொருள்தான். இந்த உப்பின் எடையில் 40 சதவீதம் மட்டுமே கால்சியம் என்பதால், 1250 மி.கி. கார்பனேட்டில் உடலுக்குக் கிடைக்கக்கூடிய கால்சியம் 500 மி.கி. ஒரு நிறுவனம் உப்பின் எடையைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறது, இன்னொன்று கால்சியத்தின் எடையை அச்சிடுகிறது. சிட்ரேட் வகையில் கால்சியம் ஏறத்தாழ 21 சதவீதமே என்பதால் அங்கே கணக்கு மறுபடி மாறும். அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘எலிமென்டல் கால்சியம்’ என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் எண் எதுவோ அதை மட்டும் பாருங்கள். பேரன் பேத்தி யாரையாவது கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னால் எளிதாகப் படித்துவிடலாம்.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. கால்சியமும் வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 1200 என்பது உணவையும் சேர்த்த மொத்த அளவு. மாத்திரையில் மட்டும் எடுக்க வேண்டிய அளவன்று. நீங்கள் எழுதியிருக்கும் உணவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வேளைக் காபிக்கும் சேர்த்து 200 மி.லி. பால் என்றால் சுமார் 240 மி.கி.; மதியம் ஒரு கிண்ணம் தயிர் சுமார் 150 மி.கி.; காலையில் குடிக்கும் கேழ்வரகுக் கஞ்சியில் 30 கிராம் மாவு என்றால் சுமார் 100 மி.கி.; சோறு, பருப்பு, காய், கீரை எல்லாவற்றிலிருந்தும் தோராயமாக 200 மி.கி. கூட்டிப் பாருங்கள், 700-ஐத் தொடுகிறது. மீதி 500-க்கு உங்கள் மருத்துவர் எழுதித் தந்த ஒரு மாத்திரை சரியாகப் போதும். முருங்கைக்கீரையோ எள்ளுருண்டையோ, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியோ அன்றாடம் சேர்பவர்களுக்கு அந்த ஒன்றுகூடத் தினமும் தேவைப்படாமல் போகலாம்.

இரண்டு மூன்று மாத்திரைகளை ஒன்றாக விழுங்குவதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. குடல் ஒரு நேரத்தில் உறிஞ்சும் கால்சியத்துக்கு எல்லை உண்டு, 500 மி.கி.க்கு மேல் போகப் போக, உறிஞ்சப்படும் பங்கு குறைந்துகொண்டே வரும். மிஞ்சியது குடலிலேயே தங்கி மலச்சிக்கலையும் வயிற்று உப்புசத்தையும் தரும். ஒருவருக்கு நாளைக்கு 1000 மி.கி. மாத்திரையாகவே தேவை என்றாலும் அதை இரு வேளையாகப் பிரித்துத்தான் தருவோம். கார்பனேட் கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும் என்பதால் அதைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்த உடனே எடுக்க வேண்டும். சிட்ரேட் வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது மலச்சிக்கலையும் சற்றுக் குறைவாகவே உண்டாக்குகிறது. விலைதான் கூடுதல்.

வலி குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது கால்சியத்தால் குறையும் வலியன்று. ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே சொல்லால் நம் ஊரில் இரண்டு வெவ்வேறு நோய்களைக் குறிக்கிறோம். மருத்துவர்களாகிய நாங்களும் அவசரத்தில் அப்படியே சொல்லிவிடுகிறோம். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. நடக்கும்போதும் படி இறங்கும்போதும் வலிப்பது அதனால்தான். எலும்பு மெலிவு என்பது வேறு. அதில் எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் அரித்துப்போய், வலியே இல்லாமல் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழும்போது மணிக்கட்டோ இடுப்போ முறியும். கால்சியமும் வைட்டமின் டியும் இந்த இரண்டாவது நோய்க்கு அடித்தளம். முதல் நோய்க்குத் தொடைத் தசைகளுக்கான பயிற்சியும் எடைக் குறைப்புமே முதல் மருந்து. வலி தீரும் வரை கால்சியத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று யாராவது சொன்னால், அவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. சென்ற ஆண்டு வைட்டமின் டி குறைவு என்று 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) பொடியை வாரம் ஒன்றாக எட்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். உடம்புக்கு நன்றாக இருக்கிறது என்று அவரே கடையில் வாங்கி ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறார். அதோடு தினமும் கால்சியமும் கால்சிட்ரையாலும் கலந்த மாத்திரை ஒன்று, இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் கலந்த மாத்திரை ஒன்று. இரண்டு வாரங்களாகப் பசி இல்லை, குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். பேச்சிலும் தடுமாற்றம் தெரிகிறது. வயோதிகத்தால் இருக்குமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும் வரை காத்திருக்காமல் ஆசிரியர் குழு வழியாக உடனே மறுமொழி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இதை வயோதிகம் என்று விட்டுவிடக் கூடாது. நீங்கள் வரிசைப்படுத்தியிருக்கும் அறிகுறிகள் அனைத்தும் இரத்தத்தில் கால்சியம் மிகுந்துவிட்டதைக் காட்டக்கூடியவை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தக் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பொடியையும் கால்சியம் மாத்திரையையும் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். இரத்தக் கால்சியம் இயல்பாக 100 மி.லி.க்கு 8.5 முதல் 10.5 மி.கி. வரை இருக்கும். அது வெகுவாக உயர்ந்தால் உடல் நீரை இழக்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும், இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும், மனம் குழம்பும். மருத்துவமனையில் நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றியும், தேவைப்பட்டால் வேறு மருந்துகள் கொடுத்தும் அதை இறக்க முடியும்.

எப்படி இவ்வளவு தூரம் போயிற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் டி 800 ஐ.யு. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் நாளொன்றுக்கு 4000 ஐ.யு.வைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011-இல் வகுத்த மேல் எல்லை. வாரம் 60,000 என்றால் நாளைக்குச் சராசரியாக 8,500-க்கும் மேல். குறைபாட்டை ஈடுசெய்ய எட்டு வாரங்களுக்கு மட்டும் என்றால் அது ஏற்கத்தக்க சிகிச்சை. அதன்பின் தொடர வேண்டியிருந்தால் மாதம் ஒன்று என்று மாற்றுவது வழக்கம். அப்போது அது நாளைக்கு 2000 ஐ.யு. ஆகிவிடுகிறது. மருந்துச்சீட்டில் எட்டு வாரம் என்று எழுதியது எட்டு வாரத்துக்காகவே. ஆனால் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, ‘வைட்டமின்தானே’ என்ற எண்ணம் வேறு.

வைட்டமின் டியை மற்ற வைட்டமின்களின் வரிசையில் வைத்து எண்ணுவதே முதற்பிழை. பி, சி வகைகள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் கரைந்து உடலில் சேர்ந்து நிற்கும். நிறுத்திய பிறகும் அதன் விளைவு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். உங்கள் தந்தை விஷயத்தில் இதற்கு மேலும் இரண்டு சேர்ந்திருக்கின்றன. கால்சிட்ரையால் என்பது வைட்டமின் டி சிறுநீரகத்தில் இறுதியாக மாறி நிற்கும் செயல்வடிவம். உடல் தன் தேவையைப் பார்த்து அளந்து தயாரிக்கும் ஹார்மோன் அது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இணைத் தைராய்டுச் சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கும் அது உயிர்நாடி. மற்றவர்களுக்கு அதை அன்றாடச் சத்து மாத்திரையில் கலந்து விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற மருந்துகளோ கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுத்துவிடும். உள்ளே வரும் வழிகள் இரண்டு திறந்திருக்க, வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. மூன்று மருந்தையும் மூன்று வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியிருக்கலாம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வாரம் ஒன்று என்றதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு மூன்று மாதம் சாப்பிட்ட மூதாட்டி ஒருவரைப் பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்திருக்கிறேன். பிழைத்துக்கொண்டார், சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. அன்றிலிருந்து இந்தப் பொடியை எழுதும்போதெல்லாம் ‘ஞாயிறு மட்டும், மொத்தம் 8’ என்று தமிழில் எழுதி, கடைசிப் பொடிக்குரிய தேதியையும் குறித்துக் கொடுக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையொட்டி மூன்று பேர் ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆறு லட்சம் ஐ.யு.வை ஒரே ஊசியில் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்பது கவர்ச்சியான யோசனைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் ஐ.யு.வை வாய்வழியாக ஒரே தடவையில் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகமாகத் தவறி விழுந்தார்கள். எலும்பு முறிவும் அவர்களிடமே அதிகம். குடல் உறிஞ்சாத நோய் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஊசியை நான் எழுதுவதில்லை.

கேள்வி: எனக்கு 44 வயது, வாடகைக் கார் ஓட்டுகிறேன். இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. கல் என்பது கால்சியம்தானே என்று பால், தயிர், கேழ்வரகு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இப்போது முதுகுவலிக்குக் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சாப்பிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: பாலையும் தயிரையும் விட்டதுதான் தவறு, திரும்பத் தொடங்குங்கள். பெரும்பாலான கற்கள் கால்சியமும், கீரை போன்ற தாவர உணவுகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்தவை. சாப்பாட்டோடு உள்ளே போகும் கால்சியம், அதே சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கால்சியத்தை நிறுத்தினால் பிடிக்க ஆளில்லாமல் ஆக்சலேட் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும். இத்தாலியில் கல் மீண்டும் மீண்டும் வந்த 120 ஆண்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை இயல்பான அளவில் வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது.

மாத்திரை வேறு விஷயம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் ஏழாண்டுகள் நடந்த பெரிய ஆய்வில், தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 ஐ.யு. வைட்டமின் டியும் பெற்றவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. ஆகவே கல் வந்தவர்கள், உணவால் நிரப்ப முடியாத பற்றாக்குறை உண்மையிலேயே இருந்தால் மட்டும், உணவோடு சேர்த்து, முடிந்தால் சிட்ரேட் வகையாக எடுப்பது நல்லது. வெறும் வயிற்றிலும் படுக்கப் போகும் முன்னும் வேண்டாம். உங்கள் வயதில், உங்கள் தொழிலில், முதுகுவலிக்குக் கால்சியம் மருந்தாக இருக்க வாய்ப்பு குறைவு. நீண்ட நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பதே முதற்சந்தேகம். கழிப்பறை கிடைக்காது என்று ஓட்டுநர்கள் பகல் முழுவதும் தண்ணீரைத் தவிர்ப்பதை அறிவேன். உங்கள் கல்லுக்குப் பாலைவிட அதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும். சிறுநீர் தெளிந்த நிறத்தில் வரும் அளவுக்குக் குடியுங்கள். ஆக்சலேட் மிகுந்த பாலக்கீரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வாயுத் தொல்லைக்குப் பான்டோபிரசோல், கால்சியம் இவை நான்கையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் காலையில் எழுந்ததும் ஒன்றாகப் போட்டுவிடுகிறேன். கால்சியம் சேர்ந்த பிறகு தைராய்டு அளவு கட்டுப்படவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார்கள். தொடர்பு இருக்குமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: தொடர்பு இருக்கிறது, உங்கள் ஐயம் சரியானது. கால்சியம் குடலுக்குள் பல மருந்துகளைப் பற்றிக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்துவிடும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். இரும்புக்கும் தைராய்டுக்கும் அதே இடைவெளி. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும். விடியலில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் எடுத்துவிட்டு, பால் காபிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள். பான்டோபிரசோல் சிற்றுண்டிக்கு அரை மணி முன்னால். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரும்பு, மாலையில் தேநீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தோ படுக்கப் போகும் முன்போ. வைட்டமின் டி தனியாக இருந்தால் அதைக் கொழுப்புச் சேர்ந்த எந்தச் சாப்பாட்டோடும் எடுக்கலாம். ஆறு வாரம் இப்படிச் செய்துவிட்டுத் தைராய்டு பரிசோதனையை மறுபடி எடுங்கள். கூட்டிய அளவு அப்போது அதிகமாகிவிட்டிருக்கலாம் என்பதால் இந்த மாற்றத்தை இப்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பான்டோபிரசோல் இரைப்பை அமிலத்தை அடக்குவதால் கார்பனேட் வகைக் கால்சியம் சரியாகக் கரையாது. சிட்ரேட்டுக்கு மாறுவது உங்களுக்குப் பொருந்தும். அதைவிட, வாயு மாத்திரை இன்னும் தேவைதானா என்று கேட்பது மேலும் பொருந்தும். இரண்டு வாரத்துக்கு எழுதியதை இரண்டு வருடம் சாப்பிடுவோர் அநேகர். அதை நீண்ட காலம் எடுப்பதற்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் சுட்டுகின்றன.

சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் ஓடும் சில நாட்களுக்குக் கால்சியத்தை நிறுத்திவைப்பதே எளிது. எலும்பு மெலிவுக்கு அலென்ட்ரோனேட் எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருந்து, அதற்குப் பிறகே மற்ற எதையும் தொட வேண்டும். வார்பாரின், அசினோகூமரால் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தெடுப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: இப்போது விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் வைட்டமின் கே2 கலந்திருக்கிறது. அது அந்த மருந்தின் வேலையையே கெடுக்கும். கூட்டு மாத்திரை எதுவானாலும் அட்டையின் பின்புறத்தை முழுக்கப் படிக்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: கால்சியம் மாத்திரை இதயக் குழாய்களில் போய்ப் படிந்து மாரடைப்பைக் கொண்டுவரும் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. அதைப் பார்த்த என் தாயார் (79 வயது, வெளியே போவதே இல்லை, பால் பிடிக்காது) மாத்திரையை நிறுத்திவிட்டார். சரியா?
— வாசகி, சேலம்

பதில்: காணொளி முழுப் பொய்யன்று, முழு உண்மையும் அன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் பதினொரு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் மட்டும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுவதாக எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்கத் தேசிய எலும்பு மெலிவு அமைப்பு 2016-இல் எல்லாவற்றையும் பரிசீலித்து, உணவும் மாத்திரையும் சேர்ந்து மேல் எல்லையைத் தாண்டாதவரை இதயத்துக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று முடிவு செய்தது. அந்த மேல் எல்லை 50 வயதைக் கடந்தவர்களுக்கு 2000 மி.கி. உணவில் வரும் கால்சியத்தைப் பற்றி எந்தத் தரப்புக்கும் அச்சம் இல்லை. இரத்தத்தில் கால்சியத்தைத் திடீரென ஏற்றுவது பெரிய மாத்திரைதான் என்பதால், சிறிய அளவில் சாப்பாட்டோடு எடுப்பதே விவேகம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் காணொளிகள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: மாத்திரையால் யாருக்குப் பயன்? நான் மேலே சொன்ன 36,282 பெண்களின் ஆய்வில், இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றே கூடியதே தவிர, இடுப்பு முறிவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. 25,871 பேரிடம் தினம் 2000 ஐ.யு. வைட்டமின் டி கொடுத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவிலும் எலும்பு முறிவு குறையவில்லை. இவர்களுள் பெரும்பாலோர் நல்ல உணவும் நடமாட்டமும் உள்ளவர்கள். அவர்களிடம் நிரப்ப வேண்டிய குறை பெரிதாக இல்லை. இதற்கு நேர்மாறானது பிரான்சில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வு. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, சராசரி வயது 84 ஆன 3,270 பெண்களுக்கு 1200 மி.கி. கால்சியமும் 800 ஐ.யு. வைட்டமின் டியும் ஒன்றரை ஆண்டு கொடுத்தபோது இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. வெயில் படாதவர்கள், உணவில் கால்சியம் குறைந்தவர்கள், நடை தளர்ந்தவர்கள் அவர்கள். உங்கள் தாயாரின் நிலை அந்தப் பிரெஞ்சு மூதாட்டிகளின் நிலைக்கே நெருக்கமாக இருக்கிறது. ஆகவே அவர் நிறுத்தியது சரியன்று. 500 மி.கி. கால்சியத்தைச் சாப்பாட்டோடும், 800 ஐ.யு. வைட்டமின் டியையும் அவருடைய மருத்துவரைக் கேட்டுத் தொடரச் செய்யுங்கள். பால் பிடிக்காதவர்கள் சிலருக்கு மோர் பிடிக்கும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியமும் இரும்பு மாத்திரையும் தருகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் குழந்தைக்கு உச்சி எலும்பு கெட்டிப்பட்டுப் பிரசவம் கடினமாகும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகி, விழுப்புரம்

பதில்: பிரசவம் கடினமாகாது. 500 மி.கி. கால்சியமும் 250 ஐ.யு. வைட்டமின் டியும் கொண்ட மாத்திரையை, 14-ஆவது வாரத்திலிருந்து குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை நாளைக்கு இரண்டாகத் தருவது இந்திய அரசின் வழிகாட்டுதல். கால்சியம் குறைந்த உணவுண்ணும் பெண்களுக்குப் பேறுகால இரத்த அழுத்தக் கோளாறு வருவதை இது குறைக்கிறது. கால்சியத்தை உணவோடும், இரும்பை அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியும் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இரும்பு வீணாகும் என்பதே. குழந்தையின் தலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: தினமும் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் வைட்டமின் டி குறைவு என்கிறார்கள். நம் ஊர் வெயிலில் எப்படிக் குறையும்?
— வாசகர், திருச்சி

பதில்: இளவெயில் இதமானது, வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அந்நேரத்தில் தரையை எட்டுவதில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில்தான் அது போதிய அளவில் கிடைக்கும். ஏறத்தாழ பத்து மணி முதல் மூன்று மணி வரை. கையும் காலும் படும்படி வாரத்தில் சில நாள், தோல் சுடாத அளவுக்கு நின்றால் போதும். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்குள் வரும் வெயிலால் பயனில்லை. தோல் தானே அளவை நிறுத்திக்கொள்ளும் என்பதால் வெயிலால் வைட்டமின் டி நஞ்சாவதில்லை. நடையை விட்டுவிடாதீர்கள், எலும்புக்கு நடை தரும் சுமைக்கு ஈடான மாத்திரை கிடையாது.

கேள்வி: என் மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போடுவதால் தமக்குக் கால்சியம் மாத்திரை தேவையில்லை என்கிறார். உண்மையா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: சுண்ணாம்பில் கால்சியம் இருப்பது உண்மை, அதை மருந்தாக எண்ணுவதுதான் சிக்கல். தடவும் அளவு ஒவ்வொரு முறையும் மாறும், வாயைப் புண்ணாக்கும், துணைக்கு வரும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஓயாமல் வெற்றிலை போடுபவர்களுக்குச் சுண்ணாம்பினாலேயே இரத்தக் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே உங்கள் மாமியாருக்கு யாரேனும் கால்சியம் மாத்திரை எழுத முற்பட்டால், ஒரு நாளைக்கு எத்தனை முறை வெற்றிலை போடுகிறார் என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.